வெட்டாமல் விட்ட பக்கங்கள்

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு முழு இங்கிலீஷ் புத்தகம் எனக்கு மனப்பாடம். மாதக்கணக்கில் கட்டிலில் படுத்தபடி, என் கணவர் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டது அது. அதில் எது புத்தகம் சொன்னது, எது அவர் தன் பாட்டுக்குச் சேர்த்துச் சொன்னது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. அந்த வழி அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கிளாக்கராக இருந்தார். நான் கண்டி டவுனில், வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் வாரம், ஜன்னலைத் திறந்தால் மூடுபனி நேரே உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்துகொள்கிறது என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். ஜன்னலை மூடி வை என்று அம்மா பதில் போட்டாள். எங்கள் வீட்டில் கற்பனை அந்த அளவுதான்.

பழைய துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது, பங்களாச் சாமான்களைப் புல்வெளியில் பரப்பி ஏலம் விட்டார்கள். நான் ஒரு நிலைக்கண்ணாடி கேட்டிருந்தேன். அவர் சாக்கில் சுற்றிய ஐந்தாறு புத்தகங்களோடு வந்து நின்றார். அன்றைக்குச் சாப்பாட்டுப் பீங்கானை நான் அவர் முன்னால் வைத்த சத்தம் கூலிக்காரர் குடியிருந்த லயங்கள் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு, கை கழுவியதும் நேரே புத்தகங்களிடம் போனார்.

அவற்றில் ஒன்று பச்சை அட்டை போட்டது. அட்டையில் ஒரு தவளை. உயிர் எப்படி உண்டாகிறது, எப்படி வளர்கிறது என்று படிக்காத சனங்களுக்கும் புரியும்படி எழுதிய புத்தகம் என்றார். அந்தக் காலத்தில் சீமையிலிருந்து வரும் சில புத்தகங்களில் தாள்கள் மடித்தபடியே தைக்கப்பட்டிருக்கும். மடிப்பின் ஓரத்தைக் கத்தியால் வெட்டினால்தான் பக்கம் திறக்கும். துரை அதில் முதல் மடிப்பைக்கூட வெட்டவில்லை. யாருடைய கண்ணும் படாத புத்தகம் என்று இவருக்கு ஒரே பெருமை. கண் படாத கண்ணாடி ஒன்றும் ஏலத்தில் இருந்திருக்குமே என்று நான் சொன்னேன்.

அந்தப் புத்தகம் எனக்குத் தேவைப்படும் காலம் ஒன்று வரும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

எனக்கு அதற்கு முன் இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதமே போய்விட்டது. இரண்டாவது ஆறாம் மாதம் வரை வந்தது. அந்த வருஷம் ஆவணியில் புத்த கோயிலின் யானை ஊர்வலமான கண்டிப் பெரஹரா பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். சின்ன வயதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறாமல் பார்த்தவள். வேதக்காரக் குடும்பமாக இருந்தாலும் டவுனில் பிறந்தவர்களுக்கு அது ஊர்ச் சொத்துத்தானே. அவர் லீவு கேட்டு என்னைக் கூட்டிப் போனார். கூட்டத்தில் நின்றோம். பந்தங்களின் கொப்பரைப் புகையும் யானைகளின் வாசனையும் கசை சொடுக்கும் சத்தமும் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. திரும்பி வந்து எட்டாம் நாள் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைச் சேமக்காலைக்குள் அடக்கம் செய்ய முடியாது என்று பங்குச் சுவாமி சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் முகமும் நன்றாக இல்லை. வத்தேகமச் சேமக்காலையின் கம்பிவேலிக்கு வெளியே, ஒரு சவுக்கு மரத்தடியில் புதைத்தார்கள். உள்ளே எல்லாருக்கும் சிலுவை இருந்தது. என் பிள்ளைக்கு ஒரு கல்.

மாமி, அதாவது என் கணவரின் தாய், ஒரே ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினார். "வயித்துப் பிள்ளைக்காரி கூட்டத்துல போய் நிக்கலாமா? அதுவும் நமக்கு இல்லாத ஊர்வலத்தப் பாக்க" என்றார். அதற்குப் பிறகு எனக்குப் பத்தியக் கறி வைத்துத் தந்தார், தலை வாரிவிட்டார், ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பேச்சு எனக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. அவர் பேசியபோது என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். வாய் திறக்கவில்லை. அவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறு வருஷம் மூன்றாவது பிள்ளை உண்டானது. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்துவிட்டு, பிறக்கும் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று கட்டளை போட்டார். ஓடியாடித் திரிந்த எனக்கு அது தண்டனைதான். முதல் வாரம் முழுவதும் கூரைத் தகரத்தின் வரிகளை எண்ணினேன். இரண்டாம் வாரம் பார்த்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். மூன்றாம் வாரம், ஆபீஸ் விட்டு வந்த அவர் முகம் கழுவிக்கொண்டு, பச்சைப் புத்தகத்தோடு கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டார்.

தினமும் அந்த நேரம்தான். தொழிற்சாலையிலிருந்து வாடும் கொழுந்தின் வாசனை வரும். மலை முகடு ஒவ்வொன்றாக மூடுபனிக்குள் போய்க்கொண்டிருக்கும். அவர் கடிதம் பிரிக்கும் கத்தியால் அன்றைக்குத் தேவையான மடிப்புகளை மட்டும் வெட்டுவார். ஒரு பத்தியை மனதுக்குள் வாசிப்பார். பிறகு விரலை வரியின் கீழே நகர்த்திக்கொண்டே தமிழில் சொல்வார். நான் பாதி விழிப்பும் பாதித் தூக்கமுமாகக் கேட்பேன்.

நம் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது என்றார் முதல் நாள். அந்த அறைக்கு இங்கிலீஷில் என்ன பெயரோ, அவர் 'காம்பரா' என்று வைத்துக்கொண்டார். லயத்து அறைகளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒவ்வொரு காம்பராவுக்கும் நடுவில் ஒன்று இருந்து அந்த அறையின் வேலைகளை எல்லாம் நடத்துமாம். அதற்கு 'கங்காணி' என்று பெயர் வைத்தார். ஒரு காம்பரா இரண்டாகும், இரண்டு நாலாகும், கங்காணியும் கூடவே இரண்டாகப் பிரிந்து போவான். கங்காணி எங்கேயாவது தன் அதிகாரத்தைப் பாதி விட்டுக் கொடுப்பானா என்று கேட்டேன். இந்த ஒரு இடத்தில் கொடுக்கிறான் என்றார்.

அன்று கண் மூடினபோது என் வயிற்றுக்குள் ஒரு நீள லயம் தெரிந்தது. காம்பரா காம்பராவாக விளக்கு ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் குனிந்து உள்ளே போனார். நான் எண்ணி முடிப்பதற்குள் இன்னும் பல வாசல்கள் திறந்தன. பயமே இல்லாமல் நான் தூங்கியது பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

இப்படிக் குளத்துத் தண்ணீரின் ஒரு துளிக்குள் போனோம். தவளை முட்டைகளின் கூழுக்குள் கிடந்தோம். கடலில் குதிரை முகமுள்ள ஒரு மீனைப் பார்த்தோம். அந்த இனத்தில் ஆண்தான் குட்டிகளைத் தன் வயிற்றுப் பையில் சுமக்குமாம். என்னைச் சிரிக்கவைக்க இவர் கட்டிவிட்ட கதை என்று நினைத்து விரலைப் பார்த்தேன். விரல் வரியின் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொன்ன வழி இதுதான். புத்தகத்தில் உள்ளதைச் சொல்லும்போது அவர் விரல் நகரும். தன் சொந்தச் சரக்கை எடுத்து விடும்போது விரல் ஒரே இடத்தில் நின்றுவிடும். அவர் உண்மையில் பொய் சொல்லத் தெரியாத மனிதர். வாய் பழகினாலும் விரல் பழகவில்லை. கோழிக்குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே தாயைக் கூப்பிடும், தாய் வெளியே இருந்து பதில் சொல்லும் என்று ஒரு நாள் சொன்னார். விரல் அசையவில்லை. எனக்காகச் சேர்த்தது என்று தெரிந்தது. பிடித்திருந்ததால் காட்டிக் கொடுக்காமல் இருந்துவிட்டேன்.

ஒரு நாள் அவர் கத்தி ஒரு கட்டுப் பக்கங்களைத் தாண்டி அடுத்த மடிப்பில் இறங்கியது. நடுவில் ஒரு விரற்கடை தடிப்புக்குத் தாள்கள் ஒட்டினாற்போல் கிடந்தன. அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அதில் நமக்கு ஆவது ஒன்றுமில்லை, வெறும் கணக்கும் அட்டவணையும் என்றார். விரல் நின்றிருந்தது.

புத்தகத்தின் முன்பக்கத்தில் அத்தியாயங்களின் தலைப்புகள் இருப்பது எனக்குத் தெரியும். அவர் அந்த அத்தியாயத்தின் தலைப்பைப் பார்த்திருக்கிறார். அதில் என்னைப் போன்றவர்களைப் பற்றி ஏதோ இருக்கிறது. கூட்டத்தில் போய் நின்ற தாய்க்கு என்ன ஆகும் என்று புத்தகமும் எழுதி வைத்திருக்கிறது, அதை இவர் எனக்கு மறைக்கிறார். இப்படி நானே ஒரு அத்தியாயத்தை எழுதிக்கொண்டேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவுக்குக் கொடுமையாக இருந்தது.

ஐப்பசி பிறந்தது. எனக்கு ஆறாம் மாதம் நெருங்கியது. நான் பேச்சைக் குறைத்துவிட்டதை அவர் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் அடைக்கோழி ஒன்றைக் கூடையோடு கொண்டுவந்து என் கட்டிலுக்கடியில் வைத்தார். புத்தகத்தில் கேட்டதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்றார். மாமி பதினொரு முட்டை வைத்தார். அடை வைத்தால் ஒற்றைப்படையில் வைக்க வேண்டும். பதின்மூன்று வைக்கக் கூழைக்கோழிக்கு இறக்கை போதாது. இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று கூடைக்குள் ஒரு கரித்துண்டும் ஒரு பழைய இரும்பு ஆணியும் போட்டார். பிறகு கண்டியில் தன் தம்பி வீட்டுக்கு ஒரு மாதத்துக்குப் புறப்பட்டுப் போனார்.

மாமி போன மறுநாளே என் கணவர் கரியையும் ஆணியையும் எடுத்து வெளியே எறிந்தார். இத்தனை நாள் புத்தகம் படித்திருக்கிறோம், அதில் எங்கேயாவது ஆணியைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று கேட்டார். துரைக்கு முன்னால் இருமக்கூடப் பயப்படுகிற மனிதருக்குக் கூடைக்கு முன்னால் அவ்வளவு வீரம்.

கட்டில் காலில் நாளுக்கு ஒரு கரிக்கோடு போட்டேன். குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள் என்று புத்தகம் சொல்லியிருந்தது. அது எனக்கு முன்பே தெரியும், எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் மூன்றாம் நாளே உள்ளே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும் என்பது தெரியாது. ஐந்தாம் நாள் காலை, சுருட்டிய கடுதாசியின் ஒரு முனையில் முட்டையை வைத்து ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்தார். மறுமுனையில் நான் கண்ணை வைத்தேன். சிவப்பு நூல்கள் பரந்திருந்தன. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். இதை எல்லாம் பார்க்கும் உரிமை எனக்கு உண்டா என்றுகூடத் தோன்றியது.

பிறகு அந்தக் கோழியும் நானும் ஒரே வேலை பார்த்தோம். அது கீழே, நான் மேலே. அது தன் முட்டைகளைப் புரட்டும் சத்தம் எனக்குக் கேட்கும். நான் புரண்டால் கட்டில் கிறீச்சிடும். அது ஒருமுறை கொக்கரித்து அடங்கும். அந்தப் பகல்களின் நீளம் எனக்கு இப்போதும் பிடிபடவில்லை. ஒரு பகல் முடிந்துவிட்டதா, அடுத்தது தொடங்கிவிட்டதா என்று தெரியாமல், சூடும் தவிட்டு மணமுமாகக் கிடந்தோம்.

பதினான்காம் கோடு போட்ட அன்று பின்னேரம் இடி வந்தது. ஐப்பசியில் கண்டி மலைகளில் இடிக்கும் இடி தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கதவு படாரென்று அடித்துத் திறந்தது. கோழி கூடையிலிருந்து பறந்து, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியாகத் தேயிலைச் செடிகளுக்குள் ஓடிவிட்டது. மழைச்சாரல் தரை முழுவதும் அடித்தது. வீட்டில் நான் மட்டும். உதவிக்கு வரும் பெண்ணும் மழைக்கு முன்பே லயத்துக்குப் போய்விட்டாள். எனக்கு இறங்க அனுமதி இல்லை.

கையைக் கீழே தொங்கவிட்டுத் துழாவினேன். முட்டைகள் இன்னும் சூடாக இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டேன், சூடு குறைந்திருந்தது. கோழி வரவில்லை. மூன்றாம் முறை தொட்டபோது குளிர்ந்த கூழாங்கற்கள் கையில் பட்டன. நான் யோசிக்கவில்லை. கூடையை விரலால் இழுத்து நெருக்கி, ஒவ்வொன்றாக மேலே எடுத்து, கம்பளிக்குள் என் வயிற்றைச் சுற்றி அடுக்கிக்கொண்டேன். பதினொன்றையும் எடுத்து முடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது. பிறகு முழங்காலை மடக்கி அவற்றைச் சுற்றிப் படுத்தேன்.

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த பிள்ளை ஒரு உதை உதைத்தது. வெளியே இருந்து ஒரு முட்டை அதே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. மறுபடியும் அந்த நீள லயம் வந்தது. பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு விளக்கு. இடி விழும்போதெல்லாம் விளக்குகள் எல்லாம் ஒன்றாகத் தாழ்ந்து, மறுபடி எழுந்தன. ஒன்றும் அணையவில்லை என்று நான் எண்ணி எண்ணிப் பார்த்தபடி தூங்கிப்போனேன்.

அவர் நனைந்து வந்து விளக்கேற்றியதும் என்னையும் கம்பளியையும் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை கோழி வெட்கமில்லாமல் திரும்பி வந்தது. முட்டைகளைக் கூடையில் வைத்தோம். அது ஏறி உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு நான் கோடு போடுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. பத்தொன்பதாம் கோடு போட வேண்டிய காலையில், கட்டிலுக்கடியில் கீச்சுக் கீச்சென்று சத்தம். அவர் ஓடி வந்து, பார், பார் என்று கூடையைத் தூக்கிக் காட்டினார். பதினொரு குஞ்சுகள். ஒன்றுகூடப் பழுதில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் கட்டில் காலைப் பார்த்தேன். பதினெட்டுக் கோடுகள். பிறகு குஞ்சுகளைப் பார்த்தேன். எல்லாம் உலர்ந்த, துறுதுறுப்பான குஞ்சுகள். இரண்டு மூன்று நாள் வயதிருக்கும். இருபத்தொரு நாள் கணக்கை எனக்கு வாசித்துக் காட்டிய மனிதரே அதை மறந்துவிட்டார். கூடையில் ஒரு ஓட்டுத் துண்டுகூட இல்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சந்தோஷம் அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கிப் போனது.

எல்லாவற்றையும் சொன்னார். இடி இடித்த அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. ஆணியை எறிந்தது தான்தானே என்ற நினைப்பு. முந்தின நாள் ஒரு முட்டையைக் கொண்டுபோய் உடைத்துப் பார்த்திருக்கிறார், கூழாக இருந்ததாம். எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டி, லயங்களில் வீடு வீடாக ஏறிப் பதினொரு குஞ்சு சேர்த்து, நான் தூங்கும்போது மாற்றி வைத்திருக்கிறார். மிச்ச முட்டைகளை எறிய மனம் வராமல், குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உமிப்பெட்டிக்குள் வைத்திருப்பதாகச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. குஞ்சுகளுக்காக இல்லை. என் முட்டைகளும் செத்துத்தான் போகும் என்று இவர் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டார், அதற்குள் வேறு யாருடையதையோ கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டார். நாளைக்கு என் பிள்ளைக்கும் இதுதானே முடிவு என்று தோன்றியது. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பச்சைப் புத்தகம் கதிரை மேலேயே கிடந்தது.

கோடு போடுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. இருபத்தொன்றாம் நாளும் போனது. இருபத்திரண்டாம் நாள் மத்தியானம், சாப்பிட வந்த மனிதர் குசினியிலிருந்து இரண்டு கையையும் குவித்தபடி வந்தார். நடையே சரியில்லை. கைக்குள் ஒரு முட்டை. அதை என் காதோடு வைத்தார்.

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். மிக மெல்லிய சத்தம். நிறுத்தி, மறுபடி கூப்பிட்டது. கோழி கட்டிலுக்கடியிலிருந்து பதில் சொன்னது.

"இதையும் நீங்க சும்மாதானே சொன்னீங்க" என்றேன். மூன்று நாளுக்குப் பிறகு நான் பேசிய முதல் பேச்சு. அவர் ஆமாம் என்று தலையாட்டினார். தான் இட்டுக்கட்டியது தன் கைக்குள்ளேயே கூப்பிடுவதை அவரால் நம்ப முடியவில்லை.

பொழுது சாயும்போது அது வெளியே வந்தது. பதினொன்றில் அது ஒன்றுதான். குளிரில் கிடந்த பொழுதுக்கு ஈடாக ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு, நனைந்து, அழுக்காக, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தது. கொண்டுவந்த பதினொன்றையும்விட அது எனக்கு அழகாகத் தெரிந்தது. அதைக் கம்பளியில் வைத்துக்கொண்டு, கதிரையில் கிடந்த புத்தகத்தைக் காட்டினேன்.

"வெட்டாம விட்டீங்களே, அத வெட்டி வாசிங்க. என்ன எழுதியிருந்தாலும் பரவால்ல. எனக்குத் தெரியணும்."

"அதுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது" என்றார். "தலைப்ப மட்டுந்தான் பாத்தேன். பிறக்காமப் போறதுகளப் பத்தின்னு இருந்திச்சு. வெட்ட எனக்குத் தைரியம் வரல்ல."

எனக்கு மறைத்தார் என்று அத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் தன்னிடமிருந்தே மறைத்திருக்கிறார். கத்தியை எடுத்து ஒவ்வொரு மடிப்பாக வெட்டினார். ஓரங்கள் கோணலாகக் கிழிந்தன. விளக்கைக் கிட்ட இழுத்து வைத்து, மனதுக்குள் ஒரு பத்தியை வாசித்தார். விரல் நகரத் தொடங்கியது.

தொடங்கும் உயிர்கள் எல்லாம் முடிவு வரை வருவதில்லை என்றது புத்தகம். மீனிலும் அப்படித்தான், தவளையிலும் அப்படித்தான், கோழியிலும் மனுஷரிலும் அப்படித்தான். பல கருக்கள் முதல் காம்பரா இரண்டாகும்போதே எங்கோ ஒரு பிசகு நேர்ந்து, அதோடு கொஞ்ச தூரம் வளர்ந்து, ஒரு நாள் நின்றுவிடுகின்றன. அடைகாத்தவள் நன்றாகவே காத்திருப்பாள். அது பெரும்பாலும் அவள் செய்த எதனாலும் வந்ததில்லை. விரல் இந்த இடம் வரைக்கும் வந்து நின்றது.

நான் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுக்கதையா என்று ஒரு கணம் பயந்தேன். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கண் நிறைந்து எழுத்துத் தெரியாமல்தான் விரல் நின்றிருக்கிறது.

"நான்தானே ஒன்னைப் பெரஹராவுக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

"கேட்டது நான்தானே" என்றேன்.

ஒரே பாரத்தை ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் சுமந்திருக்கிறோம். மாமி பேசியபோது அவர் வாய் திறக்காதது எதனால் என்று அப்போதுதான் விளங்கியது. நான் அழுதேன். அவரும் அழுதார். அந்த நொண்டிக் குஞ்சு கம்பளியை நனைத்துவிட்டது. அந்த வரியை இன்னொரு தடவை வாசியுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விரல் நகர்ந்தது, முதலில் சொன்னதையே சொன்னார்.

மாசியில் எனக்குப் பெண் பிறந்தது. டிஸ்பென்சர் ஐயா அவளைத் தலைகீழாகப் பிடித்ததும் அவள் போட்ட கூச்சலில் கோழிகள் எல்லாம் சிதறி ஓடின. அவளை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோனபோது நான் வீட்டில் கிடந்தேன். நாற்பது நாள் கழிந்துதான் பிள்ளையோடு வத்தேகமக் கோயிலுக்குப் போக முடிந்தது. மாமியும் கூட வந்தார். சுவாமி ஆசீர்வாதம் கொடுத்து முடிந்ததும், மாமியைக் கோயில் வாசலில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மூவரும் சேமக்காலைப் பக்கம் நடந்தோம்.

வேலிக்கு வெளியே அந்தக் கல் பாசி பிடித்துக் கிடந்தது. சவுக்கு இலைகள் அதை மூடியிருந்தன. அவர் குனிந்து அவற்றை ஒதுக்கினார். செபம் சொல்லத்தான் போனேன். பிள்ளையை மார்போடு பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றதும், வேறு பேச்சு வந்தது.

"கண்ணு, அம்மா பெரஹரா பாக்கப் போனதால இல்லையாம்" என்றேன். "அப்பா வாசிச்சுட்டாரு."